மூலவோலையும் படியோலையும்

புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியார் மகளுக்கும் திருநாவலூர் நம்பி ஆரூரருக்கும் மணம் நிச்சயமாகி, முகூர்த்த வேளை நெருங்கிப் பந்தரில் சுற்றமெல்லாம் கூடியிருந்த சமயத்தில், தண்டூன்றிய கிழவேதியர் ஒருவர் உள்ளே புகுந்து, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்றும், அதற்கு அவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை தம்மிடம் இருக்கிறதென்றும் வழக்கிட்ட கதை, தமிழ்நாட்டில் சைவரல்லாதாருக்கும் தெரிந்த கதையே. பக்தியின் கண்கொண்டு படிப்பவர்கள் அதில் கிழவராய் வந்து தடுத்தாட்கொண்ட சிவபெருமானின் கருணையைக் காண்கிறார்கள், அது முறையே. ஆயினும், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் அக்கதையைப் பெரியபுராணத்துள் வைத்துப் பாடிய சேக்கிழார், அரசனுக்கு அமைச்சராக இருந்தவர் என்று வழங்கிவரும் மரபை நினைவிற்கொண்டு, அப்பகுதியை ஒரு பத்திர எழுத்தரோ வக்கீல் குமாஸ்தாவோ படிக்கும் கண்ணோடு படித்துப் பார்த்தால், பிறருடைய பத்திரங்களை எவ்வாறு காப்பது, எவ்வாறு காட்டுவது, எவ்வாறு சோதிப்பது என்னும் விஷயத்தில் அக்காலத்தவர் எவ்வளவு தேர்ச்சி பெற்றிருந்தார்கள் என்பது விளங்கும்.

நம்பி ஆரூரர் சினந்து, ஓடும் கிழவரைத் தொடர்ந்து பிடித்து, ஓலையைப் பறித்துக் கிழித்து விடுகிறார். சாமானியமான வழக்காயிருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் கிழவர் தம் ஊரான திருவெண்ணெய்நல்லூருக்கு வழக்கைக் கொண்டு போகிறார். அவ்வூர் அவையத்தார், அனுபோகத்தாலோ, ஆவணத்தாலோ, அயலார் கண்டறிந்த சாட்சியத்தாலோ, இம்மூன்றில் ஒன்றால் உமது உரிமையை நிலைநாட்டும் என்கிறார்கள். அப்போதுதான் கிழவர், பந்தரில் கிழிபட்டது படியோலையே என்றும், மூலவோலை பத்திரமாகத் தம்மிடம் இருக்கிறதென்றும் வெளியிடுகிறார். அதையும் உடனே நீட்டிவிடவில்லை. இவன் மறுபடியும் வலிந்து பறிக்காதபடி பார்த்துக்கொள்ள உங்களால் இயலுமானால் காட்டுவேன் என்று நிபந்தனை விதித்து, அவையார் அதற்கு உடன்பட்ட பிறகே ஓலை கைமாறுகிறது. அதுவும் எதிரியின் கையிலோ அவைத்தலைவர் கையிலோ அன்று, அவையின் எழுத்தனான கரணத்தானுடைய கையில். அவன் சுருளின் மடிப்பை நீக்கி, ஓலையின் பழைமையை நோக்கி, எல்லாரும் கேட்க வாசிக்கிறான். சாட்சிக் கையெழுத்திட்டோர் தம் எழுத்துத்தான் என்று ஒப்புகிறார்கள். பாட்டன் கையெழுத்தைப் பேரன் பார்த்துச் சொல்லட்டும் என்று அவையார் கூற, இவன் எவ்வாறு அறிவான், பாட்டன் எழுத்தாக வேறு ஏதேனும் இருந்தால் வருவித்து ஒப்பிடுங்கள் என்கிறார் கிழவர். காப்பிட்டு வைத்திருந்த இடத்திலிருந்து வேறொரு ஓலையை எடுப்பித்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, எழுத்து ஒன்றே என்று தீர்ப்புச் சொல்லுகிறார்கள்.

இத்தனை நுணுக்கமும் கவி வெறுங்கற்பனையாகப் புனைந்திருக்கக் கூடியதன்று. கண்டும் கேட்டும் பழகிய நீதிமுறையையே அவர் கதைக்குள் வைத்திருக்க வேண்டும். மூலம் இருந்த இடத்தில் இருக்கும், வெளியே நடமாடுவது படிதான். மூலத்தைக் காட்ட நேர்ந்தால் பலர் முன்னிலையில், பொதுவான ஒருவன் கைவழியாகவே காட்டுவது. சந்தேகம் எழுந்தால் வேறிடத்தில் காவலில் உள்ள மற்றொரு பிரமாணத்துடன் ஒப்பிடுவது. கரணமும், ஓலை எழுதுவோனும், பின்னாளில் வட்டிக்கடைக்காரரும், வக்கீலும், கணக்குத் தணிக்கை செய்யும் ஆடிட்டரும், பிறருடைய ரகசியங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஜீவனம் நடத்துகிறவர்கள். கட்சிக்காரருக்கும் அவர்களுக்கும் இடையே ஏடும் காகிதமும் பத்திரமாகப் போய்வர வேண்டும் என்ற கவலை, கம்பியில்லாமல் கோப்புகள் பறக்கும் இக்காலத்தில் புதிதாய்ப் பிறந்ததன்று. நம் நாட்டில் அந்தக் கவலைக்கு ஏற்பட்ட பரிகாரங்களின் சரித்திரத்தைப் பார்த்தால், அவை பெரும்பாலும் ஒளித்துவைப்பதை நம்பாமல், யார் தொட்டார், யார் பிரித்தார், யார் முன்னிலையில் பிரித்தார் என்பது மறையாமல் தெரியும்படி செய்வதையே நம்பின என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு மிகப் பழைய சாட்சி அகநானூற்றின் 77ஆம் பாட்டில் இருக்கிறது. பாலை நிலத்தில் போரில் வீழ்ந்தவனுடைய குடரைக் கழுகு பறித்திழுக்கும் கோரக் காட்சிக்கு உவமை தேடிய புலவர், கயிற்றால் கட்டப்பட்ட குடத்தின் மேலிட்ட பொறியைச் சோதித்துப் பார்த்து, பிறகு அதை அழித்து, உள்ளிருக்கும் ஓலைகளை வெளியே எடுக்கும் ஆவண மாக்களை நினைத்துக்கொள்கிறார். உவமையின் பொருத்தம் எப்படியிருந்தாலும் ஆகுக. நமக்கு வேண்டியது அதனுள் அடங்கிய செயல்முறை. குடத்தின் வாயில் கயிறு, கயிற்றின் முடிச்சில் மண், மண்ணில் இலச்சினை. திறக்க வருகிறவர்கள் முதலில் செய்வது திறப்பதன்று, இலச்சினை பழுதுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. அந்த மண் எந்தத் திருடனையும் தடுக்கும் வலிமையுடையதன்று என்பதை ஆவண மாக்களும் அறிவார்கள். விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும். ஆனால் உதிர்ந்ததை மறுபடி அதே இலச்சினையோடு ஒட்டவைக்க ஒருவனாலும் ஆகாது. ஆகவே அது பூட்டின் வேலையைச் செய்யவில்லை. சாட்சியின் வேலையைச் செய்தது.

சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு அனுப்பிய இரண்டாம் திருமுகமும் மண் பொறி இட்ட முடங்கலே. மதுரை செல்லும் வழியில் கோசிகன் என்னும் அந்தணன் அதைக் கொண்டுவந்து கொடுக்கும்போது, கோவலன் உள்ளே எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன்பே அனுப்பியவள் இன்னாள் என்று அறிந்துவிடுகிறான். ஏனெனில் அவள் இலச்சினை மோதிரத்தால் அன்றித் தன் கூந்தலால் ஒற்றிய அந்த மண்ணில், உடனுறைந்த நாளில் அவன் பழகிய நெய் வாசம் தங்கியிருந்தது. கடிதம் இடைவழியில் மாற்றப்படவில்லை என்பதற்கும், அனுப்பியவர் அவரே என்பதற்கும் ஒரே அடையாளத்தில் இத்தனை நயமான உறுதி வேறெந்த இலக்கியத்திலாவது உண்டோ என்று எனக்கு ஐயம். ஆனால் அதன் பின் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். முடங்கலைப் படித்த கோவலன், அதிலுள்ள சொற்கள் தன் தாய் தந்தையருக்கு எழுதும் விண்ணப்பமாகவும் பொருந்துவதைக் கண்டு, அதையே அவர்களிடம் காட்டும்படி கோசிகனிடம் கொடுத்தனுப்பி விடுகிறான். ஒருவருக்கென்று இலச்சினையிட்டு எழுதிய ஓலை, பிரித்த மறுகணமே மற்றொருவருக்குப் பிரயாணமாகிறது. உரியவன் கையில் போய்ச் சேரும் வரையில்தான் பொறி காக்கும். அவன் கைக்குப் போன பிறகு காப்பது அவனுடைய விவேகத்தின் பொறுப்பு. இந்த உண்மை எத்தனை யந்திரம் வந்தும் மாறவில்லை.

ஓலையென்ற பொருளே இந்த முறைகளுக்கு அனுகூலமாக இருந்ததையும் கவனிக்க வேண்டும். பனையின் ஏட்டை வாரிப் பதமாக்கி, எழுத்தாணியால் கீறி, கீறலில் மை பூசித் துடைத்தால் எழுத்து எடுப்பாய்த் தெரியும். மேல் தோலைக் கீறி எழுதுவதாதலால், எழுதியதை அழித்துவிட்டு அதே இடத்தில் வேறெழுதுவது கண்ணுக்குத் தப்பாது. காகிதமும் மையும் வந்த பிறகு இந்த இயற்கைக் காவல் போயிற்று. அதன் விளைவாகவே பத்திரத்தில் அடித்தல், திருத்தல், வரிகளுக்கிடையே சேர்த்தல் இருந்தால் அவற்றை எழுதிக் கொடுப்பவர் தம் கையொப்பத்தாலோ சுருக்கொப்பத்தாலோ ஒப்புக்கொள்ளாவிட்டால் பதிவு அதிகாரி ஏற்க மறுக்கலாம் என்று பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு பின்னாளில் சொல்ல நேர்ந்தது.

சோழப் பேரரசின் காரியாலயத்தில் ஓர் ஆணை பிறந்து வளர்ந்த வரலாறோ, இன்றைய அலுவலகக் கோப்பு நடமாட்டத்தையும் நாணச் செய்யும். அரசன் வாயால் சொன்னது திருவாய்க்கேள்வி. அதைக் கேட்டு எழுதுவோன் திருமந்திர ஓலை எழுதுவான். அவன் எழுத்து சரியென்று ஒப்பமிடுவோர் திருமந்திர ஓலைநாயகங்கள். பிறகு வரிப்பொத்தகத்தில் பதிவோர், பதிந்ததைச் சரிபார்ப்போர் என்று ஒவ்வொருவர் பெயரும் சாசனத்திலேயே வரிசையாக நிற்கிறது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் கொடுத்த செய்தியைச் சொல்லும் செப்பேடுகள், இக்காலத்தில் லெய்டன் செப்பேடுகள் என்று பிரசித்தி பெற்றவை, இந்த வரிசையை விஸ்தாரமாகத் தருகின்றன. ஓலை நாட்டார்க்குப் போய்ச் சேர்ந்ததும் அவர்கள் எதிர்சென்று தொழுது தலைமேல் வைத்துக்கொண்டு, பெண்யானையை நடத்தி எல்லை வலம்வந்து, கல்லும் கள்ளியும் நாட்டி, அறவோலை எழுதித் திருப்பியனுப்ப வேண்டும். ஆணை சேர்ந்தது என்பதற்கும், ஆணைப்படி நடந்தது என்பதற்கும் அந்த அறவோலையே ரசீது.

அச்செப்பேடுகளின் அமைப்பும் ஆராயத் தக்கது. 21 ஏடுகள், அவற்றுள் 5 வடமொழி, 16 தமிழ். துளையிட்டுப் பெரியதொரு வளையத்தில் கோத்து, வளையத்தின் இரு முனையும் கூடுமிடத்தில், புலியும் கயலிரண்டும் வில்லும் பொறித்த சோழ முத்திரையை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். முத்திரையை உடைக்காமல் ஓர் ஏட்டை உருவவும் முடியாது, புதிதாய் ஒன்றைச் செருகவும் முடியாது. படிக்க வேண்டியவன் வளையத்திலேயே ஏடுகளைத் திருப்பித் திருப்பிப் படித்துக் கொள்ளலாம். திறந்து படிக்க எவருக்கும் தடையில்லை, மாற்றத்தான் ஒருவருக்கும் வழியில்லை என்னும் இந்த யுக்தியை வகுத்தவன் பெயர் தெரிந்தால் நன்றாயிருக்கும்.

முதலாம் பராந்தகன் காலத்து, 921ஆம் ஆண்டைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஊர் வாரியத்தாரைத் தேர்ந்தெடுக்கக் குடவோலை எடுக்கும் முறையை விதிப்பதிலும் இதே மனோபாவம் தெரிகிறது. குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிக் காட்டுவது, உள்ளே உள்ளதை அறியாத ஒரு பாலனைக் கொண்டு ஓலையை எடுப்பிப்பது, மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்பது, அவன் வாசித்த பிறகு கூடியிருந்த நம்பிமார் அனைவரும் வாசிப்பது என்று விதிகள் ஒவ்வொன்றும் நடுவே ஓலை மாறிப்போகாமல் இருப்பதையே நோக்கமாகக் கொண்டவை. விரல்களை விரிக்கச் சொன்னவர்கள் மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவர்கள்.

அரசரும் அவையும் இல்லாத இடத்தில், ஊர்விட்டு ஊர் பணம் அனுப்பும் வணிகர்கள் என்ன செய்தார்கள்? உண்டியல் என்னும் காகிதத் துண்டு ஒரு பட்டணத்தில் எழுதப்பட்டு வேறொரு பட்டணத்தில் பணமாக வேண்டும். நடுவில் வெள்ளமும் வழிப்பறியும் உண்டு. எனவே வடநாட்டு லேவாதேவிக்காரரான ஸராப்புகளிடையே, முதல் உண்டி தவறிப்போனால் அதன் இரண்டாம் படியாகப் பேட் என்பதும், அதுவும் தவறினால் மூன்றாவதாகப் பர்பேட் என்பதும் எழுதிக் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. எது முதலில் வந்து சேர்ந்து பணமாயிற்றோ அத்துடன் மற்றவை செல்லாக் காகிதமாகும். ஷாஜோக் என்னும் வகை உண்டியை, கொண்டுவந்த எவருக்கும் பணம் கொடுத்துவிடாமல், கடைவீதியில் மதிப்புள்ள வணிகர் ஒருவர் கைவழியாக வந்தால் மட்டுமே கொடுப்பார்கள். வழிப்பறிக்காரன் காகிதத்தை அடையலாம். கடைவீதியின் மதிப்பை அவன் எங்கே போய்ப் பறிப்பான்? நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கிட்டங்கிகள் நிறுவி, ஏஜெண்டுகளை மூன்றாண்டுத் தவணையாக அனுப்பி, செட்டிநாட்டில் இருந்தபடியே கடல் கடந்த கடைகளை நடத்தினார்கள் என்பது யாவரும் அறிந்தது. முதலாளி நேரில் பார்க்காத கடையில் அவருக்குக் கண்ணாக இருந்தவை பேரேடும் ஐந்தொகையும், தவறாமல் எழுதப்பட்ட கடிதங்களுந்தாம்.

வெள்ளையர் ஆட்சியில் 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்கமே காகித நாணயம் வெளியிடத் தொடங்கிய பின், தபாலில் பணம் அனுப்புவோர் கைக்கொண்ட ஒரு தந்திரம் இன்றும் வியப்பளிக்கிறது. அக்காலத்து நோட்டுகள் ஒருபக்கம் மட்டும் அச்சிட்டவை. இலக்கம் இடப்பாதியிலும் வலப்பாதியிலும் இருமுறை அச்சாகியிருக்கும். அனுப்புகிறவர் நோட்டை நடுவே இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் அனுப்பிவிட்டு, அது வந்து சேர்ந்தது என்று பதில் வந்த பிறகே மறுபாதியை அனுப்புவார். பெற்றவர் இரண்டையும் சேர்த்து ஒட்டிக்கொள்வார். ஒரு தபாலைத் திருடியவனுக்குப் பாதி நோட்டுத்தான் லாபம். அதைக் கொண்டு அவன் பாதிப் பணமும் பெற முடியாது. ஒட்டிய தழும்போடு கூடிய அந்தப் பழைய நோட்டுகளை நாணயம் சேகரிப்போர் இன்றும் வைத்திருக்கிறார்கள். ரகசியத்தின் பூட்டை ஒரு வழியாகவும் சாவியை வேறு வழியாகவும் அனுப்பும் இன்றைய முறை, கோப்பை அஞ்சலிலும் கடவுச்சொல்லைத் தொலைபேசியிலும் அனுப்புவது, இதன் வாரிசேயாகும்.

இனி வக்கீல்களின் காலத்துக்கு வருவோம். நீதிமன்றங்கள் ஜில்லாதோறும் ஏற்பட்டு, நிலமும் கடனும் வாரிசும் வழக்காகப் பெருகிய 19ஆம் நூற்றாண்டில், குடும்பத்து மூலப் பத்திரங்களை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு வக்கீல் வீட்டுத் திண்ணைக்கு வருவது கட்சிக்காரருடைய வாழ்க்கையில் ஒரு பெரிய சம்பவம். வக்கீல் படிப்பதற்கு முன் அவருடைய குமாஸ்தா படிப்பார். நகல் எடுப்பவர் படிப்பார். இங்கிலீஷில் மொழிபெயர்ப்பவர் படிப்பார். இத்தனை கண்கள் படும் காகிதத்தில் ரகசியம் ஏது? இக்கேள்விக்கு 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் 126ஆம் பிரிவில் விடை சொல்லிற்று. பாரிஸ்டர், அட்டர்னி, பிளீடர், வக்கீல் ஆகிய எவரும், தொழில்முறையில் கட்சிக்காரர் தம்மிடம் தெரிவித்ததையும், தாம் கண்ட ஆவணத்தின் உள்ளடக்கத்தையும், தாம் சொன்ன ஆலோசனையையும் அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது. வக்காலத்து முடிந்த பிறகும் அக்கடமை முடிவதில்லை. சட்டவிரோதமான காரியத்தை நடத்தும் பொருட்டுச் சொன்னதற்கும், வக்கீல் அமர்த்தப்பட்ட பிறகு நடந்ததாக அவர் கண்ட குற்றத்துக்கும் மோசடிக்கும் இந்தக் காப்பு இல்லை. அடுத்த 127ஆம் பிரிவுதான் எனக்கு மிகவும் பிடித்தமானது: மொழிபெயர்ப்பாளருக்கும் குமாஸ்தாக்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் இவ்விதி பொருந்தும் என்று அது சொல்லுகிறது. எஜமானன் வாயைக் கட்டி, நகல் எடுப்பவன் வாயை அவிழ்த்து விட்டால் பயனில்லை என்று சட்டம் இயற்றியவர்கள் உணர்ந்திருந்தார்கள். 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் அச்சட்டத்தின் இடத்தில் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் 132ஆம் பிரிவில் இவ்விதியைக் குமாஸ்தாக்கள், ஊழியர்கள் உட்பட அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது.

பத்திரப் பதிவு முறை இந்தியா முழுமைக்கும் ஒரே சட்டமாக 1864இல் இயற்றப்பட்டு, 1871லும் 1877லும் புதுப்பிக்கப்பட்டு, இப்போது நடைமுறையிலுள்ள 1908ஆம் ஆண்டின் 16ஆம் சட்டமாக நிலைபெற்றது. அதன் மூலம் திருவெண்ணெய்நல்லூர் முறை ஒருவிதத்தில் தலைகீழாயிற்று என்று சொல்லலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தைப் புத்தகத்தில் நகலெழுதிக்கொண்டு, மூலத்தைக் கட்சிக்காரரிடமே திருப்பித் தந்துவிடுகிறார்கள். மூலம் வீட்டுப் பரணில் கரையானுக்கு இரையாகலாம், தீயில் வேகலாம், பங்காளி கையால் கிழிபடலாம்; ஆனால் காவலில் இருக்கும் படியிலிருந்து சான்றிட்ட நகல் எப்போதும் கிடைக்கும், அந்த நகல் மூலத்தின் உள்ளடக்கத்துக்குப் பிரமாணமுமாகும். படி வெளியே, மூலம் உள்ளே என்றிருந்தது, மூலம் வெளியே, படி உள்ளே என்று மாறியது. இரண்டில் எது உள்ளே எது வெளியே என்பதில் அவ்வளவு விசேஷமில்லை. இரண்டும் ஒரே கையில், ஒரே கூரையின்கீழ் இருக்கலாகாது என்பதே சாரம்.

அந்தச் சட்டம் பதிவுப் புத்தகங்களை வகுத்த விதத்தில்தான், யாருக்கு எதைக் காட்டுவது என்னும் விவேகம் முழுமையாக வெளிப்படுகிறது. 1ஆம் புத்தகம் ஸ்தாவர சொத்து பற்றிய பத்திரங்களுக்கு. 2ஆவது பதிவு மறுத்த காரணங்களுக்கு. 3ஆவது உயில்களுக்கும் சுவீகார அதிகாரங்களுக்கும். 4ஆவது இவற்றில் சேராத பலவகைப் பத்திரங்களுக்கு. 57ஆம் பிரிவின்படி முதல் இரண்டு புத்தகங்களையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம், நகல் பெறலாம். நிலம் வாங்க வருகிறவன் அந்நியனாயினும் வில்லங்கம் பார்க்க உரிமையுள்ளவன் அல்லவா? 4ஆம் புத்தகத்தின் நகலோ எழுதிக் கொடுத்தவருக்கும், அதன்கீழ் உரிமை கோருவோருக்கும், அவர்களுடைய முகவர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும் மட்டுமே. 3ஆம் புத்தகத்து உயிலின் நகல், எழுதியவர் உயிரோடுள்ளவரை அவருக்கோ அவர் முகவருக்கோதான். அவர் காலஞ்சென்ற பிறகு யார் கேட்டாலும் கிடைக்கும். இவ்விரண்டு புத்தகங்களிலும் தேடிப்பார்ப்பதைப் பதிவு அதிகாரி தாமே செய்ய வேண்டும், கேட்டவன் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிடக் கூடாது. ஒருவருக்குத் திறந்த கதவு மற்றொருவருக்கு மூடியிருப்பதும், ஒருவர் இறந்த நாளன்று ஒரு கதவு தானே திறந்து கொள்வதும், மின்விசையும் யந்திரமும் இல்லாமல், ஐந்து புத்தகங்களின் முதுகிலிட்ட எண்களைக் கொண்டே நிறைவேறின.

அந்த ஐந்தாவது புத்தகத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தம் உயிலை எவரும், பதிவு அதிகாரியும் உட்பட, தம் ஆயுட்காலத்தில் படிக்கலாகாது என்று எண்ணுகிறவர் இருக்கலாம். அவருக்கு 42ஆம் பிரிவு வழி வகுக்கிறது. உயிலை உறையிலிட்டு முத்திரையிட்டு, மேலே தம் பெயரையும் இது இன்னது என்பதையும் எழுதி, நேரிலோ அதிகாரம் பெற்ற முகவர் மூலமோ மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்துவிடலாம். பதிவாளர் உறையைப் பிரிப்பதில்லை. கொடுத்தவர் இன்னார் என்று திருப்தியடைந்து, மேலெழுத்தை 5ஆம் புத்தகத்தில் எழுதி, பெற்றுக்கொண்ட ஆண்டு, மாதம், நாள், மணி இவற்றையும், அடையாளம் சொன்னவர் பெயர்களையும், உறையின் முத்திரையில் படிக்கத் தக்க எழுத்து இருந்தால் அதையும் குறித்துக்கொண்டு, தீப்பிடிக்காத பெட்டியில் வைக்கிறார். முத்திரையில் உள்ள எழுத்தையும் குறித்துக்கொள்ளச் சொன்ன சட்டம், பொறியைச் சோதித்த பின்பே குடத்தைத் திறந்த ஆவண மாக்களின் கோத்திரத்தைச் சேர்ந்தது என்று சொல்ல ஆசைப்படுகிறேன். மனம் மாறினால் எழுதியவரே உறையைத் திரும்பப் பெறலாம். அவர் மறைந்த பிறகு விண்ணப்பித்தவரின் முன்னிலையில் உறை பிரிக்கப்பட்டு, உயில் 3ஆம் புத்தகத்தில் படியெடுக்கப்படும். மூலம் மறுபடி பெட்டிக்கே செல்லும்.

இவ்வளவு நீண்ட அநுபவத்தை உடைய நாட்டில், இன்றைக்கு நடப்பதைப் பார்த்தால் சற்று வருத்தமாகவே இருக்கிறது. வருமான வரிக் கணக்குக் கொடுக்கும் பருவம் வந்தால், ஆதார் அட்டை, பான் அட்டை, வங்கிக் கணக்கின் ஓராண்டு வரவுசெலவு, வீட்டுக் கடன் பத்திரம் அனைத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் அதே வாட்ஸப்பில் ஆடிட்டர் அலுவலகத்துப் பையனுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக உறங்குகிறோம். வரித்தளத்தின் கடவுச்சொல்லையும் கூடவே எழுதிக் கொடுத்து விடுகிறவர்களும் உண்டு. சிலர் கோப்புகளை இணையச் சேமிப்பகத்தில் ஏற்றி, இணைப்பு கையிலுள்ள எவரும் திறக்கலாம் என்ற ஏற்பாட்டில் விட்டுவிடுகிறார்கள். 4ஆம் புத்தகத்தில் இருக்க வேண்டியதை 1ஆம் புத்தகத்தில் பதிந்து வைப்பதற்கு ஒப்பான காரியம் இது. குற்றம் கருவியினுடையதன்று. பெயர் குறித்தவர் மட்டும் திறக்கவும், யார் எப்போது திறந்தார் என்று குறிப்பு நிற்கவும், தவணை கடந்ததும் கதவு மூடிக்கொள்ளவும், திருத்தம் நேர்ந்தால் கையொப்பம் செல்லாமற் போகவும் வசதியுள்ள ஏற்பாடுகள் மலிவாகவே கிடைக்கின்றன. அவற்றை ஏற்படுத்திக் கொள்ளும் பொறுப்பு, பிறர் காகிதத்தால் பிழைக்கும் தொழிலாளியான வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் உரியதே தவிர, அட்டையைப் படமெடுக்கத் தெரிந்த அளவுக்கே கைப்பேசி தெரிந்த கட்சிக்காரருக்கு உரியதன்று. திருவெண்ணெய்நல்லூர்க் கரணத்தான் ஓலையை எவ்வாறு வாங்க வேண்டும் என்று வழக்காட வந்தவர்களிடம் பாடம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்துக்கும் மின்னணுக் கையொப்பத்துக்கும் காகிதத்துக்குரிய மதிப்பை அளித்தது. அதன் முதல் அட்டவணை, எந்தெந்த ஆவணங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று சொல்லுகிறது. 2022இல் அவ்வட்டவணையைத் திருத்தியபோது ஸ்தாவர சொத்தை விற்கும் ஒப்பந்தத்தைக்கூட விலக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் உயிலை எடுக்கவில்லை. அது இன்றும் காகிதத்தில் எழுதி, கையொப்பமிட்டு, இருவர் சாட்சியிட வேண்டிய ஆவணமாகவே இருக்கிறது.